நின்று போன அம்பாசடர்

கொல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்த புதிதில் மஞ்சள் டாக்சியில்தான் பேங்குக்குப் போவேன். அந்த அம்பாசடர் பிறந்தது பக்கத்திலேயே, உத்தர்பாராவில். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டுதான் அதற்கு அப்பன். 1950களின் கடைசியில் தொடங்கிய தயாரிப்பு 2014 மே மாதம் நின்றது.

அதன்பின் வீட்டு வண்டிகளும் ஒவ்வொன்றாக நின்றன. பக்கத்து வீட்டு வங்காளிப் பெரியவரின் வண்டி இரண்டு மழைக்காலம் ஷெட்டிலேயே கிடந்தது. இன்ஜின் ஓடுகிறது, கிளட்சை முழுசாக மிதித்தாலும் கியர் விழவில்லை, கரகரவென்று சத்தம். கியர்பாக்ஸை இறக்கணும் என்றால் காயலான் கடைதான் என்றார் பெரியவர்.

மிஸ்திரி முதலில் ஆயிலைப் பார்த்தார், குறையவில்லை. பெடலை மிதிக்கச் சொல்லிக் கீழே படுத்துப் பார்த்தார். ஸ்லேவ் சிலிண்டர் கம்பி சரியாக நகர்ந்தது. அப்படியானால் ஈரத்தில் துருவேறி, கிளட்ச் தட்டு ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது!

இன்ஜினைச் சூடாக்கி அணைத்தார். காலி மைதானத்துக்குத் தள்ளிப்போய், கியர் போட்டு, கிளட்சை மிதித்தபடியே ஸ்டார்ட் செய்து, ஆக்சிலேட்டரை விட்டு விட்டு அழுத்தினார். டக்கென்று விட்டது. பெரியவர் முகத்தைப் பார்க்கணுமே!

தினமும் ஓடிய டாக்சிகளுக்கு இந்த வியாதி வந்து நான் பார்த்ததில்லை. ஊரில் அப்பாவின் வண்டி பூட்டிக் கிடக்கிறதா? லீவில் போகும்போது நாலு கிலோமீட்டராவது ஓட்டிவிட்டு வாருங்கள்.