மூன்றாவது பெண் ஏறாத கூண்டு

1957இல் வந்த ‘லே கேர்ள்ஸ்’ படத்தைச் சிரிப்பதற்காகத்தான் முதலில் பார்த்தேன். ஜார்ஜ் க்யூகர் இயக்கம், கோல் போர்ட்டரின் பாட்டு, ஜீன் கெல்லியின் ஆட்டம், வேறென்ன வேண்டும்? ஐரோப்பாவில் ஊர் ஊராகப் போய் ஆடும் ஒரு குழு. நடத்துபவன் பேரி. உடன் ஆடுபவர்கள் சிபில், ஆஞ்செல், ஜாய்.

குழு கலைந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு சிபில் தன் நினைவுகளைப் புத்தகமாக்குகிறாள். பேரிமேல் கொண்ட காதலால் ஆஞ்செல் தற்கொலைக்கு முயன்றதாக அதில் வருகிறது. லண்டன் நீதிமன்றத்தில் அவதூறு வழக்கு. சிபில் ஒரு கதை சொல்கிறாள். ஆஞ்செல் அதைத் தலைகீழாக்குகிறாள்: குடித்துக் கிடந்ததும் சாகத் துணிந்ததும் சிபில்தானாம். கடைசியில் பேரி கூண்டேறுகிறான். இருவருமே சாக முயலவில்லை, எரிவாயு கசிந்து மயங்கிக் கிடந்தார்கள், நான் காதலித்தது ஜாயை என்கிறான். வழக்கு முடிந்துவிடுகிறது.

இரண்டாம் முறை பார்த்தபோதுதான் உறைத்தது. பெண்கள் இருவர் சொன்னவை கதைகள். ஆண் சொன்னது தீர்ப்பு. ஜாய் கூண்டேறவே இல்லை. அவளைப் பற்றிய காதல் கதைக்கும் அவனே சாட்சி. படம் அவனை முழுதாக நம்பிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ‘உண்மை என்றால் என்ன?’ என்ற பலகையைச் சுமந்தபடி ஒருவன் வெளியே நடக்கிறான். கிளம்பும் வழியில் ஜாயும் பேரியைக் குடைகிறாள்.

சிபிலாக நடித்தவர் கே கெண்டல். குடிபோதையில் ‘கார்மென்’ பாட்டை அவர் கத்திப் பாடும் காட்சிக்கு இன்றும் சிரிப்பை அடக்க முடிவதில்லை. அவருக்கு ரத்தப் புற்றுநோய் என்பதை 1957இல் மருத்துவர் சொன்னது அவரிடம் அல்ல, நடிகர் ரெக்ஸ் ஹாரிசனிடம். அதே ஆண்டு ஹாரிசன் அவரை மணந்தார். கெண்டலிடம் இரும்புச்சத்துக் குறைவு என்றார்கள். நோயாளியிடம் புற்றுநோயை மறைப்பது அன்றைய மருத்துவர்களின் வழக்கம்தான். ஆண் நோயாளிகளிடமும் மறைத்தார்கள். ஹாரிசன் அன்பினால் செய்தார் என்பார்கள். இருக்கலாம். ஆனால் அவள் உடம்பைப் பற்றிய சாட்சியமும் அவளைத் தாண்டி ஓர் ஆணிடம்தான் போனது. 1959 செப்டம்பரில், 32 வயதில் கெண்டல் இறந்தார்.

இந்தப் படத்துக்காக அவரும் ஆஞ்செலாக நடித்த டைனா எல்கும் கோல்டன் குளோப் விருதைப் பகிர்ந்துகொண்டார்கள். அது அறிவிக்கப்பட்டபோது, தன் நோய் என்னவென்று கெண்டலிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.