பந்தைப் பார்க்காதவர்கள்

கனெக்டிகட்டில் உயர்நிலைப் பள்ளிக் கூடைப்பந்துக்கு நடுவராகப் பயிற்சி எடுக்கப் போனபோது முதல் வகுப்பிலேயே சொன்னார்கள்: பந்தைப் பார்க்காதே. எனக்குச் சிரிப்புதான் வந்தது. அரங்கமே பந்தைப் பார்க்கிறது, காசு வாங்கிக்கொண்டு நிற்கும் நான் வேறு எதைப் பார்ப்பதாம்? பிறகு பழைய விதிகளைத் தேடிப் படித்தேன். இந்த ஆட்டம் பிறந்தபோதே, பந்தைப் பார்க்காத நடுவருக்கு வழி செய்திருக்கிறார்கள்.

1891 டிசம்பரில், இங்கிருந்து அரைமணி நேரக் கார்ப் பயணத்தில் இருக்கும் ஸ்பிரிங்ஃபீல்டில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி ஆசிரியர் ஜேம்ஸ் நைஸ்மித் 13 விதிகளை எழுதினார். பக்கத்துக்கு 9 பேர், இரண்டு பீச் பழக் கூடைகள், ஒரு கால்பந்து. இடிக்காதே, பிடிக்காதே, தள்ளாதே, காலை வாராதே, அடிக்காதே என்று ஒரு விதி. மாணவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது! அதனால்தான் நடுவர் வேலையை இரண்டாகப் பிரித்தார். அம்பயர் ஆட்களைப் பார்க்க வேண்டும். ரெஃப்ரி பந்தையும் கடிகாரத்தையும் பார்க்க வேண்டும். ஒரு அணி தொடர்ந்து மூன்று ஃபவுல் செய்தால் எதிரணிக்கு ஒரு கோல். இன்றும் பள்ளி ஆட்டத்தில் நடுவர்களில் ஒருவர் ரெஃப்ரி, மற்றவர் அம்பயர்.

ஒன்றை மட்டும் நைஸ்மித் சரியாக யோசிக்கவில்லை. எல்லைக்கு வெளியே போன பந்து, அதை முதலில் தொட்டவருக்கே சொந்தம் என்றார். விளைவு, பந்து வெளியே போனதும் எல்லோரும் அதன் பின்னால் பாய்ந்தார்கள். பல ஊர்களில் ஆடுகளத்தைச் சுற்றிக் கம்பிவலையே கட்டிவிட்டார்கள். கடைசியாகத் தொட்டவரின் எதிரணிக்குப் பந்து என்ற விதி 1913இல்தான் வந்தது. யார் கை கடைசியாகப் பட்டது என்ற தகராறு அன்றிலிருந்து எங்கள் தலையில். பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருக்கும் அப்பாக்களுக்கு அது எப்போதும் எங்களைவிட நன்றாகவே தெரியும்.

நடுவர்களின் கோடு போட்ட சட்டைக்கும் ஒரு கதை உண்டு. மிச்சிகனைச் சேர்ந்த நடுவர் லாயிட் ஓல்ட்ஸ் 1920இல் ஓர் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் வெள்ளைச் சட்டையோடு நின்றார். ஆடிய அணிகளில் ஒன்றும் வெள்ளை. தன் அணிக்காரர் என்று நினைத்து ஒருவன் அவர் கையில் பந்தைக் கொடுத்துவிட்டான். கறுப்பு வெள்ளைக் கோட்டுச் சட்டை தைக்கச் சொன்னார் ஓல்ட்ஸ். மறு ஆண்டு மாநில உயர்நிலைப் பள்ளிக் கூடைப்பந்துப் போட்டியில் அதைப் போட்டுக்கொண்டு இறங்கினார்.

அதே ஸ்பிரிங்ஃபீல்டு பள்ளியில் படித்த ஹாரி க்ரோ பக் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். தஞ்சாவூரில் எங்கள் பி.டி. வாத்தியார் அங்கே படித்தவர். புங்கமரத்தடித் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு எங்களை ஆடவிட்டு, விசிலும் அவரே ஊதுவார். "கையைப் பாருடா, பந்து எங்க ஓடிடப் போவுது" என்பார்.

நடுவராகச் சேருவது எளிது. உங்கள் வட்டார நடுவர் சங்கத்தில் பெயர் கொடுத்தால், பெரும்பாலும் இலையுதிர் காலத்தில் வகுப்பு. விதிப் புத்தகம், எழுத்துத் தேர்வு, பிறகு விசிலோடு களத்தில் ஒரு சோதனை. தொடக்கத்தில் சின்னப் பிள்ளைகளின் ஆட்டம்தான் கிடைக்கும். பள்ளியின் முதன்மை அணிக்கு விசில் ஊதச் சில வருடங்கள் ஆகும். உள்ளே உருளும் பட்டாணி இல்லாத விசிலாகப் பார்த்து வாங்குங்கள். ரான் ஃபாக்ஸ்கிராஃப்ட் என்ற கனடா நடுவர், முக்கியமான ஆட்டத்தில் தன் விசிலின் பட்டாணி அடைத்துக்கொண்டதால் வெறுத்துப்போய் உருவாக்கியது அது.

அமெரிக்கப் பள்ளி விளையாட்டுகளில் 2018-19க்குப் பிறகு ஏறத்தாழ 50,000 நடுவர்கள் விலகிவிட்டதாக, மாநில உயர்நிலைப் பள்ளிச் சங்கங்களின் தேசியக் கூட்டமைப்பு 2022இல் சொன்னது. பலர் விலகியது வசவு தாங்காமல். உங்கள் பிள்ளையின் ஆட்டத்துக்கு எப்படியும் போகத்தான் போகிறீர்கள். வரும் செப்டம்பரில் சங்கத்துக்கு ஒரு போன் போடுங்கள்.