குறுக்குத்தடியும் தும்புக்கயிறும்

இலங்கையின் மேற்கு, தெற்குக் கரையோரங்களில் நெடுங்காலமாகக் கடலுக்குப் போய்வரும் பாய்த்தோணியைச் சிங்களத்தில் ஒருவ என்பார்கள். அதன் அடிப்பகுதி ஒற்றை மரத்தைக் குடைந்தது. அதன்மேல் இருபுறமும் பலகைகளை நிறுத்தி, துளையிட்டுத் தும்புக்கயிற்றால் தைத்திருப்பார்கள். உள்ளே ஓர் ஆள் கால் வைத்து நிற்கும் அகலம்தான் உண்டு. இவ்வளவு ஒடுங்கிய தோணி பாய் விரித்ததுமே கவிழ்ந்துவிடும். வளைந்த இரண்டு குறுக்குத்தடிகளின் நுனியில் கட்டப்பட்டு நீரில் மிதக்கும் கனத்த மரமே அதைக் கவிழாமல் காக்கிறது.

அந்த மிதவை எப்போதும் காற்று வரும் பக்கமே இருக்கவேண்டும். ஆகவே திசை மாற்றும்போது தோணியைத் திருப்புவதில்லை. பாயை மாற்றிக் கட்டி, பின்முனையை முன்முனையாக்கி ஓட்டுகிறார்கள். இலங்கைக் கடலில் இருபுறமும் முகப்புள்ள கலங்கள் ஓடியதை ரோமானியரான பிளினி முதலாம் நூற்றாண்டிலேயே எழுதியிருக்கிறார். காற்று வலுத்து மிதவை மேலெழுந்தால், ஆட்கள் குறுக்குத்தடியில் ஏறி வெளியே போய் நிற்பார்கள். காற்றின் வேகத்தையே ‘ஓராள் காற்று’, ‘ஈராள் காற்று’ என்று அளந்தார்கள்.

அந்த வேளையில் ஆட்களின் பாரமும் மிதவையின் பாரமும் தடி தோணியைத் தொடும் இடத்தில் வந்து விழுகின்றன. போதாததற்கு, தோணி ஓர் அலையிலும் மிதவை இன்னோர் அலையிலும் ஏறுவதால் தடிகள் முறுக்கப்படுகின்றன. அங்கே ஆணியோ போல்ட்டோ இருந்தால் இழுப்பு முழுவதும் ஒரு துளையில் குவிந்து, மரம் அந்த இடத்திலிருந்தே பிளக்கும். பல சுற்றுகளாகக் கட்டிய கயிறோ ஒவ்வொரு சுற்றிலும் சற்றே இளகிக்கொடுத்துப் பாரத்தைப் பரப்பிவிடும். தும்பு உப்புநீரில் எளிதில் அழுகாது. தளர்ந்தால் கரையிலேயே இறுக்கிக்கொள்ளலாம். வசதிக் குறைவால் வந்த பழக்கமாக இதைக் கருதுவது பெரும் தவறு. கடலின் முறுக்கை நன்கு அறிந்தவர்களின் பொறியியல் இது.

ஆற்றில் தேவை வேறு. இரண்டு குடைமரத் தோணிகளை இணைத்துப் பலகைத்தளம் போட்ட படகுகள் இலங்கை ஆறுகளில் ஆட்களையும் சுமைகளையும் கடத்தின. அலையில்லாத நீரில் தளம் விறைப்பாக இருப்பதே நல்லது. சுமை ஒரு பக்கம் ஏறினாலும் இரு தோணிகளும் சேர்ந்து தாங்கும்.  

கடலலையில் குறுக்குத்தடிகள் முறுக்கப்படும் சிக்கலை மேற்குலகம் பின்னரே சந்தித்தது. 1876இல் அமெரிக்கரான நதானியல் ஹெரஷாஃப் கட்டிய ‘அமரிலிஸ்’ என்ற இரட்டையுடல் படகில், ஒவ்வோர் உடலும் தனித்தனியே ஏறி இறங்கும்படி குறுக்குத்தடிகளில் அசையும் மூட்டுகள் இருந்தன. நியூயார்க் பந்தயத்தில் அது மற்றப் படகுகளை எளிதாக முந்தியது. இருபதாம் நூற்றாண்டின் பந்தயப் படகுகள் எதிர்வழியில் சென்றன. சட்டம் நெகிழ்ந்தால் பாய்மரத்தைப் பிடிக்கும் கம்பி தளர்ந்து, முன்பாய் தொய்ந்து, காற்றுக்கு நெருக்கமாக ஓட முடியாமல் போகும். எனவே குறுக்குத்தடிக்கு அலுமினியக் குழாயும், பின்னர் கார்பன் இழையும் வந்தன. ஒரே அகலமுள்ள தடியின் ஆழத்தை இரட்டித்தால் அதன் விறைப்பு எட்டு மடங்காகும். மேல்மூடிய உடல், திறந்த உடலைவிடப் பல மடங்கு முறுக்கைத் தாங்கும். திறந்த குடைமரத் தோணிக்கு இந்த வழி இல்லை. கயிற்றின் நெகிழ்வே அதற்குத் துணை.

அதே நூற்றாண்டில் ஆங்கிலேய வடிவமைப்பாளர் ஜேம்ஸ் வாரம், நெடுங்கடல் ஓடும் தம் படகுகளின் குறுக்குத்தடிகளைக் கயிற்றாலேயே கட்டினார். நீர்கொழும்பில் பாய்த்தோணிகள் இன்றும் கடலுக்குப் போகின்றன. தும்பின் இடத்தை நைலான் பிடித்திருந்தாலும் குறுக்குத்தடிகள் இப்போதும் கட்டப்பட்டே இருக்கின்றன.