போதிகை பார்த்து வயது சொல்வது

கலை வரலாற்றில் முனைவர் பட்டம் படிக்கப்போகிறேன் என்று ஒரு பிள்ளை சொன்னால், ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பக்கம் வீட்டில் வரும் முதல் கேள்வி: "அதைப் படிச்சு என்ன வேலைக்குப் போவ?" சுற்றிலும் கார் தொழிற்சாலைகள் இருக்கும்போது நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு முன் கேட்க வேண்டிய ஒன்றை யாரும் கேட்பதில்லை. அந்தப் படிப்பில் என்னதான் செய்கிறார்கள்? அதற்குப் பதில் வெகுதூரத்தில் இல்லை. ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் வழியாக பஸ் பிடித்தால் காஞ்சிபுரம். அங்குள்ள கற்களைப் படித்த இரண்டு பேரின் கதையே போதும்.

முதலாமவர் கப்ரியேல் ஜூவோ-துப்ரேய். புதுச்சேரியில் அறிவியல் ஆசிரியர். 1914-இல் தென்னிந்தியக் கட்டடக்கலையும் சிற்பவியலும் பற்றிய ஆய்வுக்காக பாரிஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அது இரண்டு தொகுதிகளாக வெளியானது. கட்டடக்கலைப் பகுதி 1917-இல் 'திராவிடியன் ஆர்கிடெக்சர்' என்ற சிறு நூலாக ஆங்கிலத்திலும் வந்தது.

அவர் எடுத்துக்கொண்ட சிக்கல் எளிமையானது. கல்வெட்டு இல்லாத கோயிலுக்கு எப்படி வயது சொல்வது? தலபுராணத்தைக் கேட்டால் எல்லாக் கோயிலும் கிருத யுகத்தில் கட்டியதுதான். துப்ரேய் மன்னர் பெயர்களை ஓரமாக வைத்துவிட்டு உறுப்புகளைப் பார்த்தார். கட்டடத்தின் பாகங்களுக்கான பெயர்களைக் கோயில் கட்டும் சிற்பிகளிடமே கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு ஒவ்வொரு பாகமும் நூற்றாண்டுக்கு நூற்றாண்டு எப்படி மாறியது என்று வரிசைப்படுத்தினார்.

தூணுக்கும் உத்திரத்துக்கும் நடுவே இருக்கும் போதிகையை எடுத்துக்கொள்ளுங்கள். பல்லவர் காலத்தில் அது வளைந்து, அலை அலையாக வரி போட்டிருக்கும். சோழர் காலத்தில் சாய்வாக வெட்டி, நடுவில் ஒரு முனை துருத்தும். விஜயநகர காலத்தில் அந்த முனை பூவாகி கீழே தொங்க ஆரம்பிக்கும். பின்னால் வந்த நாயக்கர் காலத்தில் வாழைப்பூ மாதிரி முழுசாகவே தொங்கிவிடும். கூரை விளிம்பில் இருக்கும் 'கூடு' என்ற வளைவும் அப்படித்தான். பல்லவர் கூட்டின் உச்சி மண்வெட்டித் தலைபோல இருக்கும். சோழர் கூட்டின் உச்சியில் சிங்கமுகம் வந்து உட்கார்ந்துவிடும்.

மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இது பழகிய வேலை. யார், எப்போது மாற்றினார்கள் என்ற குறிப்பே இல்லாத பழைய கோடு கையில் வந்தால், பதிப்புகளுக்கு நடுவே உள்ள வித்தியாசத்தை வைத்து எது முந்தியது என்று ஊகிப்போம் இல்லையா? கிட்டத்தட்ட அதுதான்.

ஒரகடத்திலிருந்து படப்பை வழியாகப் போனால் மணிமங்கலம். நரசிம்மவர்மப் பல்லவன் புலிகேசியை வென்ற போர்க்களங்களில் ஒன்றாக கூரம் செப்பேடு சொல்லும் ஊர் அதுதான். போர் 7-ஆம் நூற்றாண்டில் நடந்தது. இன்று அங்கே தூங்கானை மாட விமானத்தோடு நிற்கும் தர்மேஸ்வரர் கோயிலோ சோழர் காலத்தது. ஊர்ப்பெருமைக்காக அதைப் பல்லவர் கோயில் என்று சொல்லிவிடலாம், கல் ஒத்துக்கொள்ளாது. கல்வெட்டு வாசிக்கத் தெரியாத ஒருவரையும் கல்லிடம் நேராகக் கேட்க வைத்தது துப்ரேயின் ஆய்வு.

அவர் கதையில் இன்னொரு பக்கமும் உண்டு. காஞ்சிபுரம் வட்டாரத்தில் 10-ஆம் நூற்றாண்டு வாக்கில் செதுக்கிய யோகினி சிற்பங்கள் சிதறிக் கிடந்தன. அவற்றின் கோயில் எப்போதோ அழிந்துவிட்டது. 1920-களில் துப்ரேய் அவற்றைத் தேடிச் சேகரித்து, பாரிஸில் கலைப்பொருள் வணிகம் செய்த சி.டி. லூவுக்கு அனுப்பினார். இந்தியாவிலிருந்து தொல்பொருள்கள் வெளியேறுவதைக் கட்டுப்படுத்தும் ஏற்றுமதிச் சட்டம் 1947-இல்தான் வந்தது. இன்று அந்த யோகினிகள் லண்டன், பாரிஸ், வாஷிங்டன், டொரன்டோ, டெட்ராய்ட் என்று ஊருக்கு ஒருத்தியாக உட்கார்ந்திருக்கிறார்கள். கலை வரலாற்றாளர் பத்மா கைமல் அவர்களைத் தேடிப்போய், சிதறிய கதையை 2012-இல் ஒரு புத்தகமாகவே எழுதினார்.

எந்த உறுப்பு எந்த நூற்றாண்டு என்று நமக்குச் சொல்லிக்கொடுத்த அதே கண்தான், எந்தச் சிலைக்கு பாரிஸில் மதிப்பு என்றும் அறிந்திருந்தது. இந்த இரண்டையும் சேர்த்தேதான் அவரை வாசிக்க வேண்டியிருக்கிறது.

இரண்டாமவர் சி. மீனாட்சி. 1905-இல் பிறந்தவர். பல்லவர் ஆட்சியும் சமூக வாழ்க்கையும் பற்றி ஆய்வு செய்து 1936-இல் பட்டம் பெற்றார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவரான முதல் பெண் அவர். பட்டம் வரலாற்றில்தான், ஆனால் அவர் மனம் சிற்பங்களில் இருந்தது. காஞ்சி வைகுண்டப் பெருமாள் கோயில் திருச்சுற்றின் சுவர்களில் பல்லவர் வரலாறு வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. வாரிசில்லாமல் அரசன் இறக்க, பெரியவர்கள் கூடிப் போய் இரணியவர்மனிடம் ஒரு மகனைக் கேட்க, 12 வயதுப் பையன் ஒருவன் வந்து இரண்டாம் நந்திவர்மனாக முடிசூடிய கதை அங்கே இருக்கிறது. சில காட்சிகளுக்குக் கீழே தமிழில் எழுத்துப் பொறிப்பும் உண்டு, பலவற்றுக்கு இல்லை. மீனாட்சி பொறிப்புகளையும் செப்பேடுகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எழுத்தில்லாத காட்சிகளையும் சேர்த்து வாசித்தார். 1940-இல், 34 வயதில், இறந்துபோனார். அந்த ஆய்வு அடுத்த ஆண்டு தொல்லியல் துறையின் நூலாக வந்தது.

மீனாட்சியால் அப்படி வாசிக்க முடிந்ததற்கு ஒரு காரணம், ஒவ்வொரு கல்லும் அதனதன் இடத்தில் இருந்தது. இந்தக் காட்சிக்கு அடுத்தது எது, எந்தச் சுவர், எந்தத் திசை என்பதெல்லாம் அங்கே சான்று. யோகினிகளுக்கு அது இல்லை. மொத்தம் எத்தனை பேர், யாருக்குப் பக்கத்தில் யார், எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள்? சிலைகளின் அழகு கொஞ்சமும் குறையவில்லை. அறுந்துபோனது வரிசை.

ஹூண்டாய் இந்தப் பக்கம் வந்தது 1996-இல். அதற்குப் பிறகு எத்தனையோ வயல்கள் ஷெட்டாகவும் லேஅவுட்டாகவும் மாறிவிட்டன. தொண்டை மண்டலத்து ஏரிக்கரைகளில் தவ்வைச் சிலைகள் கிடப்பது புதிதல்ல. நாளைக்கு மண் நிரப்பும்போது ஒன்று கிடைத்தால், ஊர்க்காரர்கள் மஞ்சள் பூசிக் கோயிலில் வைக்கலாம், அருங்காட்சியகத்துக்கும் போகலாம். தூக்குவதற்கு முன்னால், எந்த ஏரி, எந்த மதகுப் பக்கம், எந்தத் திசை பார்த்து, கூட வேறு என்ன கிடந்தது என்று ஒரு ஆள் எழுதி வைக்க வேண்டும்.

என்ன வேலைக்குப் போவ என்று கேட்டால், முதலில் இந்த வேலைக்கு.