உணவின் அமிலத்தன்மையும் உடலின் அமில-காரச் சமநிலையும்

உணவின் அமிலத்தன்மை என்பது ஓர் உணவுப்பொருளிலுள்ள ஐதரசன் அயனிகளின் செறிவைப் பொறுத்த பண்பு ஆகும். இது காரகாடித்தன்மைச் சுட்டெண் (பி.எச்) கொண்டு அளக்கப்படுகிறது. புளிப்பான உணவுகள் குருதியை அமிலமாக்கும் என்றும், காரத்தன்மையுள்ள உணவுகளால் நோய்களைத் தீர்க்கலாம் என்றும் கருத்துகள் பரவலாக உள்ளன. ஆனால் உடல்நலம் உள்ளவரிடத்தில் உணவால் தெளிவாக மாறுவது சிறுநீரின் பி.எச் ஆகும். குருதியின் பி.எச் மிகக் குறுகிய எல்லைக்குள் பேணப்படுகிறது.

இங்கு காரம் என்பது வேதியியல் பொருளில் அமிலத்துக்கு எதிரான பண்பையே குறிக்கும். மிளகாயின் உறைப்புக்கும் இதற்கும் தொடர்பில்லை.

பி.எச் அளவை

டென்மார்க் நாட்டு வேதியியலாளர் சோரன் சோரன்சன் 1909 ஆம் ஆண்டில் இவ்வளவையை அறிமுகப்படுத்தினார். இதில் 7 நடுநிலை ஆகும். அதற்குக் குறைந்தவை அமிலத்தன்மையும் கூடியவை காரத்தன்மையும் உடையன. இது மடக்கை அளவை என்பதால், ஓர் அலகு குறையும்போது ஐதரசன் அயனிச் செறிவு பத்து மடங்காகிறது. சில பொருட்களின் அண்ணளவான பி.எச் மதிப்புகள் வருமாறு:

* இரைப்பை நீர்: 1.5 - 3.5
* எலுமிச்சைச் சாறு: 2 - 3
* தயிர்: 4 - 4.5
* பால்: 6.5 - 6.7
* தமனிக் குருதி: 7.35 - 7.45
* சிறுநீர்: 4.5 - 8

சமநிலை பேணப்படும் முறை

எந்த உணவும் முதலில் இரைப்பையின் வலிய அமிலத்துடன் கலக்கிறது. பின்னர் சிறுகுடலில் கணையநீரிலுள்ள பைகார்பனேட்டு அவ்வமிலத்தை நடுநிலையாக்குகிறது. ஆகவே உணவு தன் பி.எச் மதிப்புடன் அப்படியே குருதியை அடைவதில்லை. குருதியின் சமநிலையை மூன்று அமைப்புகள் காக்கின்றன.

* தாங்கற் கரைசல்கள்: பைகார்பனேட்டு, புரதங்கள் முதலியன அமிலத்தை உடனடியாக ஏற்றுக்கொள்கின்றன.
* நுரையீரல்: கார்பானிக் அமிலத்திலிருந்து தோன்றும் கார்பனீராக்சைடை மூச்சின் வழியே வெளியேற்றுகிறது. இது சில நிமிடங்களில் செயற்படும்.
* சிறுநீரகம்: மூச்சால் வெளியேற்ற இயலாத அமிலங்களைச் சிறுநீரில் கழித்து, பைகார்பனேட்டை மீட்கிறது. இது முழுமையடையச் சில நாட்களாகும்.

குருதியின் பி.எச் 7.35 இற்குக் கீழே செல்வது கடும் நோயின் அறிகுறியாகும். கட்டுப்பாடற்ற நீரிழிவு, சிறுநீரகச் செயலிழப்பு, மூச்சுத் தடை போன்றவை இதற்குக் காரணமாகின்றன.

புளிப்பும் அமிலச் சுமையும்

ஓர் உணவின் சுவையைக் கொண்டு அது உடலில் விட்டுச்செல்லும் அமிலத்தைக் கணிக்க முடியாது. எலுமிச்சையின் சிட்ரிக் அமிலம் உடலில் எரிந்து கார்பனீராக்சைடும் நீரும் ஆகிவிடுகிறது. அதனுடன் உள்ள பொட்டாசியம் சிட்ரேட்டு பைகார்பனேட்டாக மாறுகிறது. மாறாக, புளிப்பே இல்லாத இறைச்சியின் புரதத்திலுள்ள கந்தகம் கந்தக அமிலத்தைத் தருகிறது.

உணவை எரித்தபின் எஞ்சும் சாம்பலின் தன்மையைக் கொண்டு உணவுகளை வகைப்படுத்தும் வழக்கம் முன்னர் இருந்தது. 1995 ஆம் ஆண்டில் ரேமர், மான்சு ஆகியோர் சிறுநீரகத்தின் மீதான அமிலச் சுமையைக் கணக்கிடும் முறையை வெளியிட்டனர். அதன்படி பாலாடைக்கட்டி, இறைச்சி, மீன், முட்டை, தானியங்கள் ஆகியவை அமிலச் சுமையைக் கூட்டுகின்றன. பழங்களும் காய்கறிகளும் குறைக்கின்றன. அரிசி அமிலப் பக்கத்திலும் எலுமிச்சை காரப் பக்கத்திலும் அமைகின்றன.

கார உணவு முறை பற்றிய கூற்றுகள்

அமிலச் சுமையை ஈடுசெய்ய எலும்பு கரைகிறது என்பது நெடுநாள் கருதுகோள் ஆகும். அமிலச் சுமை கூடும்போது சிறுநீரில் கால்சியம் கூடுவது உண்மையே. ஆயினும் உடலின் மொத்தக் கால்சியம் இதனால் குறைவதாக 2009 ஆம் ஆண்டில் வெளியான தொகுப்பாய்வு காணவில்லை. புற்றுநோய் தொடர்பாக 2016 ஆம் ஆண்டில் வெளியான முறைசார் மீளாய்வும் இவ்வுணவு முறைக்கு ஆதரவான சான்றைக் காணவில்லை. புற்றுக் கட்டியைச் சூழ்ந்த பகுதி அமிலமாக இருப்பது கட்டியின் வளர்சிதைமாற்றத்தின் விளைவாகும்.

இக்கூற்றுகளை நம்பி மருத்துவத்தைக் கைவிடுவது உயிருக்கு ஆபத்தானது. கார உணவு பற்றிய நூல்களால் அறியப்பட்ட அமெரிக்கரான இராபர்ட்டு யங், உரிமமின்றி மருத்துவம் செய்த குற்றத்துக்காக 2016 ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் தண்டனைக்குரியவராகத் தீர்ப்பளிக்கப்பட்டார். காய்கறியும் பழமும் மிகுதியாக உண்பது நன்மை தரும். எனினும் அந்நன்மை குருதியின் பி.எச் உயர்வதால் வருவதன்று. அவற்றிலுள்ள நார்ச்சத்து, பொட்டாசியம் போன்றவற்றால் வருவதாகும்.

உண்மையான விளைவுகள்

உணவின் அமிலத்தன்மை நேரடியாகத் தாக்குவது பற்களையே. வாயின் பி.எச் ஏறத்தாழ 5.5 இற்குக் கீழே செல்லும்போது பல்லின் எனாமல் கரையத் தொடங்குகிறது. பழச்சாறுகளையும் மென்பானங்களையும் அடிக்கடி பருகுவதால் பற்தேய்வு ஏற்படுகிறது.

சிறுநீரின் பி.எச் மாற்றம் மருத்துவத்தில் பயன்படுகிறது. யூரிக் அமிலக் கற்கள் உடையோருக்குப் பொட்டாசியம் சிட்ரேட்டு கொடுத்துச் சிறுநீரின் அமிலத்தன்மை குறைக்கப்படுகிறது. நாட்பட்ட சிறுநீரக நோயாளிகளின் குருதியில் அமிலம் தேங்கும்போது சோடியம் பைகார்பனேட்டு தரப்படுவதுண்டு. அத்தகையோர் தாமாகவே பழங்களை மிகுதியாக உண்டால் குருதியில் பொட்டாசியம் உயர்ந்து இதயத் துடிப்பு பாதிக்கப்படலாம். எனவே அவர்கள் மருத்துவரின் கண்காணிப்பிலேயே உணவை மாற்ற வேண்டும்.