கொழுந்து கூர்மை, முகம் மங்கல்

இலங்கை மலையகத்தின் பொகவந்தலாவையில், தூய மரியாள் அங்கிலிக்கன் தேவாலய முற்றத்தில் ஜூலியா மார்கரெட் கமரனின் கல்லறை இருக்கிறது. உலகப் புகைப்பட வரலாற்றில் முன்வரிசையில் வைத்துப் பேசப்படுகிற அவர், 1879 ஜனவரி 26ஆம் திகதி டிக்கோயாப் பள்ளத்தாக்கின் கிளென்கெயர்ன் தோட்டத்தில் காலமானார். அவர் உயிரோடிருந்த காலத்தில் இங்கிலாந்தின் புகைப்படச் சங்கத்தார் அவர்மீது ஓயாமல் சொன்ன குறைகளில் ஒன்று: இந்த அம்மாவுக்கு ஃபோகஸ் பண்ணத் தெரியாது.

தெரியாமல் இல்லை. அந்தக் காலத்தில் ஃபோகஸ் பண்ணுவது எப்படிப்பட்ட வேலை என்று பார்த்தால்தான் அது விளங்கும்.

1815இல் கல்கத்தாவில் பிறந்த கமரன், 1863 டிசம்பரில், தன் 48ஆம் வயதில், மகளும் மருமகனும் பரிசளித்த கமராவில் தொழில் பழகினார். பெரிய மரப்பெட்டி, அதன் பின்புறம் தேய்த்த கண்ணாடி. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டால் எதிரே இருப்பவர் தலைகீழாகத் தெரிவார். லென்ஸின் திருகைத் திருப்பத் திருப்ப ஒரு நேரம் இமைமயிர் தெளியும், இன்னொரு நேரம் காது தெளியும். இரண்டும் சேர்ந்து தெளியாது. வாய் அகன்ற லென்ஸின் இயல்பு அது. பிறகு கொலோடியன் பூசிய கண்ணாடித் தகட்டை ஈரம் காயுமுன் செருகிப் படமெடுத்து, உடனே கழுவ வேண்டும். எதிரே இருப்பவர் பல நிமிடங்கள் அசையாமல் இருக்க வேண்டும்.

இதிலே இன்னொரு சிக்கலும் உண்டு. ஈரத் தகட்டில் பதிவது நீல, ஊதா ஒளி மட்டுமே. மனிதக் கண் அதிகம் காண்பதோ மஞ்சளும் பச்சையும். அன்றைய சில லென்ஸ்களில் இந்த நிறங்கள் ஒரே இடத்தில் குவிவதில்லை. கண் சொன்ன இடத்தில் நிறுத்தினால் தகட்டில் படம் மங்கும். விஷயம் தெரிந்தவர்கள் கண்ணுக்குத் தெளிந்த பிறகு தகட்டைக் கொஞ்சம் நகர்த்திக் கணக்குச் சரிபார்ப்பார்கள். ஆகவே கையால் செய்த ஃபோகஸ் அன்று எளிமையானதாக இருக்கவில்லை. ஆனால் முடிவு கையிலே இருந்தது.

கமரன் அந்த முடிவைத் துணிந்து எடுத்தார். திருகிக்கொண்டே போகும்போது தன் கண்ணுக்கு அழகாகப் படும் இடம் வந்ததும், இன்னும் கூர்மைக்குப் போகாமல் அங்கேயே நிறுத்திவிடுவதாக அவரே எழுதியிருக்கிறார். விஞ்ஞானி ஜோன் ஹெர்ஷலின் முகம் இருட்டிலிருந்து எழுந்து வருவது போல 1867இல் எடுத்த படம் அப்படிப் பிறந்ததுதான்.

அவரை மலையகத்தோடு இணைத்தவர் கணவர் சார்ள்ஸ் ஹே கமரன். ஆணையாளர் கோல்புறூக்குடன் சேர்ந்து, இராஜகாரியம் என்ற கட்டாய ஊழியத்தை ஒழிக்க வழிசெய்த 1833ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்களைப் பரிந்துரைத்தவர் அவர். இலங்கையில் கோப்பி நிலங்கள் வாங்கிப்போட்டார். 1869இல் கோப்பி இலைகளில் துருநோய் கண்டது. தோட்டங்களின் வருமானம் சரியத் தொடங்கியது. 1875இல் தம்பதியர் இங்கிலாந்தை விட்டு இலங்கைக்கே குடிவந்தார்கள். ஜூலியா இங்கே எடுத்தவற்றில் இன்று கிடைப்பவை முப்பதுக்கும் குறைவு. களுத்துறையில் எடுத்தவை அவற்றில் உண்டு.

அந்தப் படங்களைப் பார்க்கும் மலையகத் தமிழருக்கு ஒரு நெருடல் வராமல் போகாது. அவர் இங்கிலாந்தில் எடுத்த படங்களில் கவிஞர் டெனிசனும் விஞ்ஞானிகள் ஹெர்ஷலும் டார்வினும் தம் பெயரோடு நிற்கிறார்கள். இலங்கைப் படங்களில் நிற்கும் உழைப்பாளிகள் வெறும் குடியானவர், வெறும் பெண். முகத்தை அத்தனை பரிவோடு பார்த்த கண், பெயரைக் கேட்டு எழுதவில்லை. அவருக்குப் பின் தோட்டங்களைப் படமெடுத்து விற்ற கொழும்பு, கண்டி வணிக ஸ்டூடியோக்களும் இதையேதான் செய்தன. ஆலைக்கும் மலைக்கும் பெயர் இருந்தது, கூடை சுமந்தவளுக்கு இல்லை.

மலையகத்தார் தாமே காசு கொடுத்து, தம் பெயரோடு படமெடுத்துக்கொண்டது பிற்பாடு. அதிலும் கண்ணீர் கலந்திருக்கிறது. 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பிரித்தது. கடவுச்சீட்டுக்குப் படம் வேண்டும். இந்தியாவிலும் இலங்கையிலும் சிறு நகர ஸ்டூடியோக்களில் நெடுங்காலம் புழங்கிய இரட்டை லென்ஸ் கமராவில், படம் பிடிப்பவர் குனிந்து கண்ணாடியைப் பார்த்து, பக்கத்துக் குமிழைத் திருகிக் கண்ணைத் தெளிவாக்குவார். குமிழ் ஒன்று, கேள்வி ஒன்று: கண் தெளிந்ததா, இல்லையா?

1977இல் கொனிக்கா சி35 ஏஎஃப் அந்தக் கேள்வியை மனிதரிடமிருந்து வாங்கிக்கொண்டது. பெருமளவில் விற்பனைக்கு வந்த முதல் ஓட்டோஃபோகஸ் கமரா அது. 1985இல் வந்த மினோல்ட்டா 7000இல் ஃபோகஸ் புள்ளி ஒன்றே ஒன்று, நடுவில். 2012இல் கெனன் 5டி மார்க் 3இல் 61 புள்ளிகள். அசையும் பொருள் எப்படி அசைகிறது என்று பார்த்துத் தேர்ந்துகொள்ள ஆறு வகைகள் கொண்ட தனிப் பட்டியல். 2018இல் அதே நிறுவனத்தின் ஈஓஎஸ் ஆர் கமராவில் தேர்ந்தெடுக்கக்கூடிய இடங்கள் 5,655. வேலையை எளிதாக்க வந்த கருவி, படமெடுக்குமுன் படிக்க வேண்டிய பாடமாகிவிட்டது.

மலையகம் இந்தப் பாடத்துக்குக் கடினமான பரீட்சை மண்டபம். ஓட்டோஃபோகஸ் இயங்குவது வெளிச்சமும் நிழலும் சந்திக்கும் விளிம்புகளை வைத்து. நுவரெலியாவின் மூடுபனி முதலில் அழிப்பது அந்த விளிம்புகளைத்தான். லென்ஸ் முன்னும் பின்னும் ஓடித் தவிக்கும். பனி விலகினால் அடுத்த தொல்லை. கொழுந்து பறிக்கும் பெண்கள் இடுப்பளவு செடிக்குள் நிற்பார்கள். அவர்களுக்கு முன்னால் வெயில்பட்டு மின்னும் துளிர்தான் கமராவுக்கு நல்ல விளிம்பு. கொழுந்து கூர்மையாகி முகம் மங்கிவிடும். தேயிலைத் தொழிற்சாலையின் வரிசை வரிசையான ஜன்னல்களும் கமராவைக் குழப்பும். ஒரே மாதிரித் திரும்பத் திரும்ப வரும் கோலங்களில் ஃபோகஸ் தவறலாம் என்று கமராக் கையேடுகளே எச்சரிக்கின்றன.

ஓடும் ரயிலுக்கும், பறக்கும் பறவைக்கும், கண் மங்கிய மூத்த படப்பிடிப்பாளருக்கும் ஓட்டோஃபோகஸ் பெரிய வரம், அதை மறுப்பதற்கில்லை. புதிய கமராக்கள் முகத்தையும் கண்ணையும் தாமே தேடிப் பிடிக்கின்றன. ஆனால் நிரையில் நிற்கும் பலரில் எந்த முகம் என்பது கருவிக்குத் தெரியாது. போதாக்குறைக்கு, புதிய லென்ஸ்கள் பலவற்றில் தூரம் காட்டும் அளவுகோலையே எடுத்துவிட்டார்கள். பழைய 35 மில்லிமீற்றர் லென்ஸில் எஃப்8 வைத்து, வளையத்தை 5 மீற்றரில் நிறுத்தினால், இரண்டரை மீற்றரிலிருந்து எதிர்மலை வரை எல்லாம் தெளிவாக விழும். பனியோ ஜன்னலோ அந்தக் கணக்கைக் கலைக்காது. இந்த வசதியைப் பறித்தது தவறு. முழுவிலை கொடுத்து வாங்குகிறவருக்கு அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கம் கமராவோடு போகிறவர்கள் ஒரு காலைப்பொழுதாவது சுவிட்சை எம்எஃப் (கையால் ஃபோகஸ்) பக்கம் தள்ளிவிட்டு, யார் முகம் தெளிய வேண்டும் என்பதைத் தாங்களே முடிவுசெய்து பாருங்கள். படமெடுக்குமுன் சம்மதம் கேளுங்கள். சம்மதித்தால் பெயரையும் தோட்டத்தையும் கேட்டுப் படத்தோடு எழுதி வையுங்கள். ஒரு பிரதியை அவர்கள் வீட்டுக்கும் கொண்டுபோய்க் கொடுங்கள்.