பாஸ்டன் நகரின் ஸ்கா பங்க்: மைட்டி மைட்டி பாஸ்டோன்ஸ் குழு, 1983–2022

ஸ்கா பங்க் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 1997-ஐ நடுவில் வைத்து, முன்னும் பின்னும் கொஞ்சம் தொட்டுவிட்டு முடித்துக்கொள்கிறார்கள். அந்த ஆண்டு மார்ச் மாதம் மைட்டி மைட்டி பாஸ்டோன்ஸ் குழு வெளியிட்ட ‘லெட்ஸ் ஃபேஸ் இட்’ ஆல்பம் அமெரிக்காவில் பத்து லட்சம் பிரதிகளுக்கான பிளாட்டினம் தகுதியைப் பெற்றது. அதிலிருந்த ‘தி இம்ப்ரெஷன் தட் ஐ கெட்’ என்ற பாடல் பில்போர்டின் மாடர்ன் ராக் பட்டியலில் முதலிடம் பிடித்தது. பிறகு அலை ஓய்ந்தது, குழுவும் மறக்கப்பட்டது என்று கதை முடியும். ஆனால் இந்தக் குழு தொடங்கியது 1983-இல்; கலைந்தது 2022-இல். ஒரு பாட்டின் வெற்றியை வைத்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளை அளக்க முடியாது. அந்த வெற்றிக்கு வழிவிட்டவையும், அது வடிந்த பிறகு குழுவைத் தாங்கி நின்றவையும் பாஸ்டன் வட்டாரத்தின் சிறு மேடைகளே என்பது என் வாதம்.

ஸ்காவின் தாயகம் ஜமைக்கா. 1950களின் இறுதியில் கிங்ஸ்டன் நகரக் கலைஞர்கள் அமெரிக்க ரிதம் அண்ட் ப்ளூஸையும் உள்ளூர் மென்டோ இசையையும் சேர்த்து இதை உருவாக்கினார்கள். நான்கு எண்ணிக்கைத் தாளத்தில் கிட்டாரின் வெட்டு எண்ணிக்கையின்மேல் விழாது. இரண்டு எண்ணிக்கைக்கு நடுவே, அரை இடத்தில் விழும். கச்சேரி கேட்டுப் பழகியவர்களுக்கு அரை இடத்து எடுப்பு தெரிந்த சங்கதிதான். ஸ்காவில் எடுப்பு மட்டுமல்ல, பாட்டு முழுவதும் அந்த அரை இடத்தைப் பிடித்துக்கொண்டே ஓடும். அதன்மேல் டிராம்போனும் சாக்ஸபோனும் ட்ரம்பெட்டும் கூட்டாக ஊதும். 1962-இல் ஜமைக்கா விடுதலை பெற்றபோது தீவின் கொண்டாட்ட இசை இதுவே. குடியேறியவர்களோடு பிரிட்டனுக்குப் போன இந்த இசையை, 1979-இல் கோவென்ட்ரி நகரில் ஜெர்ரி டாமர்ஸ் தொடங்கிய டூ டோன் நிறுவனம் பங்க்கின் வேகத்தோடு இணைத்தது. கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒரே மேடையில் நின்ற ஸ்பெஷல்ஸ், செலக்டர் போன்ற குழுக்கள் இனவெறிக்கு எதிரான குரலாகவும் இருந்தன.

அந்தக் குழுக்களின் இசைத்தட்டுகள் பாஸ்டனுக்கு வந்து சேர்ந்தபோது அங்கே வேறொரு சத்தம் ஓங்கியிருந்தது. எஸ்எஸ் டீகண்ட்ரோல், கேங் க்ரீன் முதலிய குழுக்களின் ஹார்ட்கோர் பங்க் அது. ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும் பாடல்கள், காதைக் கிழிக்கும் கிட்டார், பாடுவதைவிடக் கத்துவதே மிகுதி. டிக்கி பேரட் இந்தச் சூழலில் இம்பாக்ட் யூனிட் என்ற குழுவில் பாடியவர். அவரும் பாஸ் கிட்டார் வாசித்த ஜோ கிட்டில்மேன், சாக்ஸபோன் வாசித்த டிம் பர்டன், கிட்டார் கலைஞர் நேட் ஆல்பர்ட் ஆகியோரும் இரண்டு சத்தங்களையும் ஒரே மேடையில் மோதவிட்டார்கள். பேரட்டின் குரல் மணலில் தேய்த்ததுபோல் கரகரத்தது. ஸ்கா பாடகருக்கு அது பொருந்தாது என்றே யாருக்கும் தோன்றியிருக்கும். குழுவுக்கு அடையாளமாக அமைந்ததும் அந்தக் குரல்தான்.

பென் கார் என்ற இளைஞரைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். மது விற்கும் அரங்குகளுக்குள் நுழைய அவருக்கு வயது போதவில்லை. குழு உறுப்பினர் என்று சொல்லி நண்பர்கள் உள்ளே அழைத்துப்போனார்கள். மேடையில் சும்மா நிற்க முடியாதே என்று ஆடத் தொடங்கினார். அந்த ஆட்டக்காரர் கடைசிவரை குழுவின் முழு உறுப்பினராகவே இருந்தார். இசைக்கருவி எதையும் வாசிக்காத ஒருவருக்குச் சம இடம் கொடுத்த இந்தச் செயலில் குழுவின் குணம் தெரிகிறது.

முதல் ஆல்பமான ‘டெவில்ஸ் நைட் அவுட்’ 1989-இல் டாங் ரெக்கார்ட்ஸ் என்ற சிறு நிறுவனத்தின் வழியே வந்தது. கலிஃபோர்னியாவின் ஆபரேஷன் ஐவி குழு தன் ‘எனர்ஜி’ ஆல்பத்தை வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். நாட்டின் இரு கரைகளில் இருந்த இளைஞர்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் ஒரே கலவைக்கு வந்திருந்தார்கள். ஆபரேஷன் ஐவி அந்த ஆண்டே கலைந்தது, பாஸ்டோன்ஸ் தொடர்ந்தது. ஸ்கா பங்க்கின் அமெரிக்கக் கிளைக்குத் தொடக்க ஆண்டு ஒன்று குறிக்க வேண்டுமானால் 1989-ஐத்தான் குறிப்பேன்.

மெர்க்குரி என்ற பெரிய நிறுவனத்துக்குப் போன பிறகு 1993-இல் வந்த ‘ஸ்கா-கோர், தி டெவில் அண்ட் மோர்’ என்ற சிறு இசைத்தட்டை ஆய்வாளர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை. வாஷிங்டனின் மைனர் த்ரெட், பாஸ்டனின் எஸ்எஸ் டீகண்ட்ரோல் ஆகிய ஹார்ட்கோர் குழுக்களின் பாடல்களை அதில் எடுத்துப் பாடியிருக்கிறார்கள். அவற்றுக்குப் பக்கத்திலேயே பாப் மார்லியின் வெய்லர்ஸ் குழு 1960களில் ஜமைக்காவில் புகழ்பெறக் காரணமான ‘சிம்மர் டவுன்’ பாடலும் இருக்கிறது. தாங்கள் எந்தெந்தக் குழுக்களுக்குக் கடன்பட்டவர்கள் என்று ஒரு குழு தன் இசையாலேயே எழுதிவைத்த சான்று இது. கோபக்காரப் பாட்டிலிருந்து ஸ்காவுக்கு மாறும் இடத்தில் டிரம்ஸின் வேகம் தணியும், குழல்கள் ஒன்றுகூடும், பேரட்டின் குரல் மட்டும் அதே கரகரப்போடு நிற்கும். இரண்டு மரபுக்கும் அவர் குரல் பாலமாவதை இதில் கேட்டே உணரலாம்.

1994-இல் ‘க்வெஸ்சன் தி ஆன்ஸர்ஸ்’ ஆல்பமும், 1995-இல் ‘க்ளூலெஸ்’ திரைப்படத்தில் தலைகாட்டியதும், லொல்லபலூசா இசைவிழாவின் சுற்றுப்பயணமும் குழுவை நாடறியச் செய்தன. 1995-இலேயே நோ டவுட் குழுவின் ‘ட்ராஜிக் கிங்டம்’ ஆல்பமும் வந்தது. வானொலிகள் ஸ்காவைத் தேட ஆரம்பித்தன.

வெற்றிப் பாடலின் பிறப்பும் உள்ளூரோடு பிணைந்ததுதான். 1994 டிசம்பர் 30 அன்று பாஸ்டனை ஒட்டிய ப்ரூக்லைனில், கருக்கலைப்பு சேவை தந்த இரண்டு மருத்துவ மையங்களில் ஒருவன் துப்பாக்கியால் சுட்டதில் இரு பெண் ஊழியர்கள் உயிரிழந்தனர். அதற்கு எதிர்வினையாக 1996-இல் வெளியான ‘சேஃப் அண்ட் சவுண்ட்’ என்ற நிதி திரட்டும் தொகுப்பில்தான் ‘தி இம்ப்ரெஷன் தட் ஐ கெட்’ முதலில் இடம்பெற்றது. பெரிய சோதனை எதையும் சந்திக்காத ஒருவன், சந்தித்தால் தாங்குவோமா என்று தன்னையே கேட்டுக்கொள்ளும் பாட்டு அது. கொண்டாட்டப் பாட்டாகவே அதைக் கேட்டவர்கள் உள்ளே இருக்கும் அச்சத்தைத் தவறவிட்டுவிட்டார்கள். ‘லெட்ஸ் ஃபேஸ் இட்’ ஆல்பத்தின் ‘தி ராஸ்கல் கிங்’ பாடல், நான்கு முறை பாஸ்டன் மேயராக இருந்தவரும் சிறை சென்றும் மக்கள் செல்வாக்கை இழக்காதவருமான ஜேம்ஸ் மைக்கேல் கர்லியைப் பற்றியது. தேசம் முழுக்க விற்ற ஓர் ஆல்பத்தில் சொந்த ஊர் அரசியலைப் பாட ஒரு துணிவு வேண்டும்.

1994 முதல் கிறிஸ்துமஸை ஒட்டி, சார்ல்ஸ் ஆற்றுக்கு அக்கரையில் உள்ள கேம்பிரிட்ஜின் மிடில் ஈஸ்ட் அரங்கில் ‘ஹோம்டவுன் த்ரோடவுன்’ என்ற தொடர் நிகழ்ச்சியை நடத்தினார்கள். சில நூறு பேர் மட்டுமே நெருக்கியடித்து நிற்கக்கூடிய கீழ்த்தளம் அது. புகழின் உச்சியில் இருந்த 1997 டிசம்பரிலும் அங்கேயேதான் வாசித்தார்கள். அந்த இரவுகளின் பதிவே 1998-இல் ‘லைவ் ஃப்ரம் தி மிடில் ஈஸ்ட்’ என்ற பெயரில் வந்தது.

சரிவுக்கு ரசனை மாற்றம் மட்டும் காரணமல்ல. 1998-இல் மெர்க்குரியின் தாய் நிறுவனமான பாலிகிராம் கைமாறியதைத் தொடர்ந்து மெர்க்குரியின் கலைஞர்கள் ஐலண்ட் டெஃப் ஜாம் அமைப்புக்குள் போனார்கள். 2000-இல் ‘பே அட்டென்ஷன்’ அங்கிருந்து வந்தது. முந்தைய வெற்றியை அது நெருங்கவில்லை. நேட் ஆல்பர்ட் படிப்புக்காக விலகினார். 2002-இல் ‘எ ஜாக்னைஃப் டு எ ஸ்வான்’ மீண்டும் ஒரு சிறு நிறுவனத்தின் வழியே வந்தது. 2003 டிசம்பரில் காலவரையின்றி ஓய்வெடுப்பதாகக் குழு அறிவித்தது. பேரட் ஜிம்மி கிம்மெலின் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு அறிவிப்பாளராகப் போனார்.

2007 டிசம்பரில் அவர்கள் திரும்பி வந்து நின்றது அதே மிடில் ஈஸ்ட் மேடையில். பிறகு 2009, 2011, 2018 ஆண்டுகளில் மூன்று ஆல்பங்கள். 2021-இல் ‘வென் காட் வாஸ் க்ரேட்’ ஹெல்கேட் நிறுவனத்தில் வந்தது. ஆபரேஷன் ஐவியில் கிட்டார் வாசித்த டிம் ஆம்ஸ்ட்ராங் அதன் தயாரிப்பில் பங்கேற்றார். அதன் கடைசிப் பாடலில் ஃபிஷ்போன் குழுவின் ஏஞ்சலோ மூர் உட்பட ஸ்கா உலகின் பல குரல்கள் சேர்ந்து பாடுகின்றன. 1989-இல் தனித்தனியே தொடங்கிய இரு கரைகளும் ஒரே இசைத்தட்டில் சேர்ந்துவிட்டன. 2022 ஜனவரி 27 அன்று, காரணம் எதையும் சொல்லாமல், குழு கலைவதாக அறிவித்தார்கள். பேரட், கிட்டில்மேன், பர்டன், கார் ஆகிய நால்வரும் தொடக்கக் காலத்திலிருந்து அன்றுவரை உடனிருந்தவர்கள்.

இந்தக் குழுவைப் புதிதாகக் கேட்கிறவர்கள் வெற்றிப் பாட்டிலிருந்து தொடங்க வேண்டாம். 1993-ஆம் ஆண்டின் சிறு இசைத்தட்டை முதலில் கேளுங்கள். அடுத்து மிடில் ஈஸ்ட் பதிவைக் கேளுங்கள். அதன்பின் ‘லெட்ஸ் ஃபேஸ் இட்’ வேறு மாதிரி ஒலிக்கும்.